பாட்டின் வழியே திரும்பிய பேச்சு

பேச்சைத் தந்தவனும், அதை எடுத்தவனும், எடுத்ததில் ஒரு பங்கைத் திருப்பித் தந்தவனுமான அல்லாஹ்வை முன்வைத்து இதை எழுதுகிறேன். இடது கையால் எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும். அதனால் வீணாக ஒரு சொல்லும் சேர்க்க எனக்கு விருப்பமில்லை.

நோன்புப் பெருநாள் கழிந்து மூன்றாவது வாரம். திங்கட்கிழமை, இரண்டாம் பாடம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் இலக்கணம் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். கையிலிருந்த வெண்கட்டி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தேன், விரல்கள் மடங்கவில்லை. திரும்பிப் பிள்ளைகளிடம் "எழுதுங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். "மீன்" என்று வந்தது.

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் வகுப்பில் அடிக்கடி நடித்துக் காட்டுகிறவள். இதுவும் அப்படி ஒன்று என்று நினைத்துவிட்டார்கள். நான் மறுபடியும் சொல்லிப் பார்த்தேன். "மீன், மீன்." முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்திராவிட்டால் சீமெந்துத் தரையில் தலையடித்து விழுந்திருப்பேன்.

முதலில் கல்முனைக்கும், அங்கிருந்து அம்புலன்ஸில் மட்டக்களப்புக்கும் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் டாக்டர் என் கணவரிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. பாரிசவாதம். மூளையின் இடது பக்கத்தில் இரத்தம் கட்டிவிட்டது. கால் தேறும். கை ஓரளவு தேறலாம். பேச்சைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது.

எனக்கு எல்லாம் விளங்கியது. இதைத்தான் நீங்கள் முக்கியமாக அறிய வேண்டும். யார் வந்தார், என்ன சொன்னார், எதை மறைத்தார், எல்லாம் விளங்கியது. உள்ளே நான் முழுதாக இருந்தேன். வெளியே வந்தது ஒரே ஒரு சொல். "அது." தண்ணீர் வேண்டுமென்றால் "அது." மகளைக் கூப்பிட்டால் "அது." வலிக்கிறது என்றாலும் "அது" தான்.

நான் யார் என்று இனிச் சொல்ல வேண்டும். என் பெயர் பரீதா. ஊர் சாய்ந்தமருது. இருபத்திரண்டு வருடங்களாகத் தமிழ் படிப்பித்தேன். மீலாத் விழா நாடகம் என்றால் நான்தான் எழுதுவேன். விவாதப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்குவதும் நான்தான். கல்யாண வீடுகளுக்கு வாழ்த்துக்கவி எழுதிக் கொடுப்பேன். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மண்டபத்தில் வாசிக்கும்போது முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன். இந்த ஊரில் சொல் என்றால் பரீதா டீச்சர் என்று ஆட்கள் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. சொன்னார்கள். அது எனக்குப் போதவில்லை. மற்றவர்களுக்கும் சொல் வரலாம் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கு ஒரே ஒரு தங்கச்சி, நஸீமா. என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் இடையில் ஒரு மதில்தான். ஓஎல் என்கிற சாதாரண தரப் பரீட்சையில் தவறிப்போனவள். தையல் மெசினில் இருந்து சட்டை தைத்துக்கொண்டே தானாக வரி கட்டிப் பாடுவாள். எங்கள் தாய்மாமாவின் மகனுக்குக் கல்யாணம் வந்தபோது அவளும் ஒரு கவி எழுதி என்னிடம் கொண்டுவந்தாள். "ராத்தா, பிழை இரிந்தா திருத்தித் தாங்க. நீங்க எழுதினதோட சேர்த்து இதயும் வாசிக்கலாமா?" என்று கேட்டாள். வீட்டில் விருந்தாளிகள் நிறைந்திருந்த நேரம். நான் அந்தக் கடதாசியை வாங்கி, அவளுடைய எழுத்துப் பிழைகளோடு அப்படியே உரக்க வாசித்தேன். ற வர வேண்டிய இடத்தில் ர. ள வர வேண்டிய இடத்தில் ல. ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில், "ஓஎல் பெயிலானவட கவிய வாசிச்சா எனக்குத்தானே வெக்கம்" என்றேன்.

அவள் கடதாசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு மூன்று வருடம் எங்களுக்குள் பேச்சில்லை. பெருநாளைக்குப் பிள்ளைகளிடம் பலகாரம் கொடுத்தனுப்புவாள். தானாக வரமாட்டாள். நானும் போகவில்லை. அவள்தான் இளையவள், அவள் வரட்டும் என்று இருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு ஆட்கள் பார்க்க வந்தார்கள். மனிதர் சுபாவத்தை நான் அந்த ஒரு மாதத்தில் படித்ததுபோல் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. எனக்குக் காது கேட்காது என்பதுபோல் சத்தம் போட்டுப் பேசினார்கள். நான் எதிரிலேயே இருக்க, "டீச்சர் பிளேன்டிக்குச் சீனி போடுவாவா?" என்று என் கணவரிடம் கேட்டார்கள். கூடப் படிப்பித்த ஒருத்தி, என் நாடகப் பொறுப்பை இனி யார் எடுப்பது என்று என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தே கதைத்தாள். அவளும் கெட்டவள் இல்லை. நான் ஒரு மூடிய பெட்டியாகத்தான் அவளுக்குத் தெரிந்தேன். நான் பேச்சுத் திக்கும் பிள்ளைகளை அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் இரண்டு பெண்கள் போகும்போது வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டே பேசியது கேட்டது.

"அந்த வாய்க்கு இந்தச் சோதின வராம உடுமா கா?"

"சீ, அப்பிடிச் செல்லாத."

"நான் செல்லல்ல. ஊரே செல்லுது."

அன்றைக்கு நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்கு இருந்தது. ஒரு முஸ்லிமுக்குக் கடைசிச் சொல், அல்லாஹ் ஒருவனே என்று சாட்சி சொல்லும் கலிமாவாக இருக்க வேண்டும். எனக்கு இன்னொரு தடவை இரத்தம் கட்டினால்? நான் "அது" என்று சொல்லிக்கொண்டு போய்விட்டால்? கலிமாவைச் சொல்ல முயன்றேன். முதல் எழுத்தே வரவில்லை. உதட்டைக் கூட்டினேன், நாக்கை அசைத்தேன். "அது, அது, அது." தலையணை நனையும் வரை முயன்றேன். யா அல்லாஹ், நூறாயிரம் சொல் தந்தாய், நான் அதை வீசி எறிந்தேன், இப்போது அந்த ஒன்றை மட்டும் தா என்று மனதுக்குள் கேட்டேன். என் துஆ அப்போது அவ்வளவுதான்.

என் கணவர் ஹனீபா நாவிதன்வெளிப் பக்கம் வயல் செய்கிறவர். அதிகம் பேசாத மனிதர். மகள் ஷிபா ஒலுவில் பல்கலைக்கழகக் கம்பஸில் படிக்கிறாள். பின்னேரத்தில் இரண்டு பேரும் வீட்டில் இருப்பார்கள். நான் வீட்டுக்கு வந்து ஐந்தாவது கிழமை, பொழுது சாய்ந்த ஒரு மஃரிப் நேரம். என்னைக் கதிரையில் இருத்தி, மூன்று பேரும் ஒன்றாக, ஜமாஅத்தாகத் தொழுதோம். அவர் முன்னுக்கு, மகள் பின்னுக்கு, அவளுக்குப் பக்கத்தில் கதிரையில் நான். அவர் குர்ஆனின் முதல் சூராவான பாத்திஹாவைச் சத்தமாக ஓதி முடித்தார்.

"ஆமீன்" என்று ஒரு குரல் கேட்டது. அது என்னுடையது.

தெளிவாக, நீட்டி, ஒரு பிசிறும் இல்லாமல் வந்தது. தொழுகைக்குள் நிற்கிற மனிதர் திரும்பிப் பார்க்க முடியாது. அடுத்த சூராவைத் தொடங்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. தொடங்கியபோது அவர் குரல் உடைந்திருந்தது. பக்கத்தில் மகள் விம்முவது கேட்டது. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் அவர் திரும்பி என் முன்னால் முழந்தாளிட்டார்.

"செல்லு பரீதா. இன்னொருக்காச் செல்லு."

நான் முயன்றேன். "அது" என்றுதான் வந்தது.

அவர் விடவில்லை. தானே பாத்திஹாவைத் தொடங்கினார். முதல் வசனத்தில் நான் ஒட்டிக்கொண்டேன். ஓடுகிற பஸ்ஸில் ஏறினதுபோல அதன் ஓட்டத்தில் ஏறிக் கடைசி வரை போனேன். கலிமாவையும் அப்படியே அவர் தொடங்க, என் வாய் முடித்தது. அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் அழுதது போதும் என்று நினைத்து நிறுத்தவில்லை, களைத்துத்தான் நிறுத்தினோம்.

ஆனால் எனக்குள் ஒரு சந்தேகம் அரித்தது. இது நான் சொல்வதா, அல்லது பழகிய வாய் தானாக ஓடுவதா? எழுதிக் காட்டக் கையும் இல்லை. என் முகத்தைப் பார்த்து அவர் எப்படியோ விளங்கிக்கொண்டார். "வாய் மறந்தத உள்ளுக்க கல்பு வெச்சிருந்து தந்திரிக்கி. நீ ஏன் அதில போய்க் கணக்குப் பாக்கிற?" என்றார். இருபத்தைந்து வருடத்தில் அந்த மனிதர் என்னிடம் சொன்ன ஆக நல்ல வசனம் அதுதான்.

அடுத்த கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி தருகிற மிஸ்ஸிடம் இதைச் சொன்னார். இளம் பெண், மட்டக்களப்பைச் சேர்ந்தவர். அவர் மகிழ்ச்சியோடு கதிரையை இழுத்துப்போட்டு என் முன்னால் உட்கார்ந்தார். என்னைப் பார்த்துப் பேசினார். இதை நான் மறக்கமாட்டேன். என் கணவரைப் பார்த்தல்ல, என்னைப் பார்த்துப் பேசினார்.

"டீச்சர், ஓதுறதும் பாட்டும் மூளையில வேற வழியால வரும். உங்கட பழைய வழி உடைஞ்சு போச்சு. நாங்க இந்த வழியால சொல்லக் கொண்டுவரப் பாப்பம். சின்ன வயசில இருந்து தெரிஞ்ச ஒரு மெட்டு வேணும். இடது கையால தட்டித் தட்டி, அந்த மெட்டில ஒவ்வொரு நாளும் தேவைப்படுற வசனங்களப் பாட வேணும். ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலம். மாசக் கணக்கில. ஏலுமா?"

ஓம் என்று தலையாட்டினேன்.

"வீட்டில பாடக்கூடிய ஆள் யார் இருக்கிறா?"

என் கணவர் கூரையைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். மூன்று பேருக்கும் ஒரே ஆள்தான் நினைவுக்கு வந்தது.

அவர் நஸீமாவிடம் போய்க் கேட்டாரா, மகள் போனாளா என்று எனக்குத் தெரியாது. அடுத்த நாள் காலை பிள்ளைகள் பாடசாலைக்குப் போன பிறகு அவள் வந்தாள். கையில் ஒரு சிறிய பலகை. என் கதிரைக்கு எதிரில் பாயைப் போட்டு உட்கார்ந்து, பலகையை என் மடியில் வைத்தாள்.

"ஊஞ்சல் பாட்டு மெட்டு ஞாபகம் இரிக்கா ராத்தா? பெருநாளைக்கு ஆடுவமே, அது. நான் பாடுறன். நீங்க இதில தட்டுங்க."

மூன்று வருடத்துக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வார்த்தைகள். ஒரு குத்தலும் அதில் இல்லை. எனக்கு அவள் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. "அது" என்றேன். "ஓம், அதுதான். தட்டுங்க" என்றாள்.

அவளே வரி கட்டினாள்.

தண்ணி கொஞ்சம் தாங்க தங்கச்சி,
தாகமா இரிக்கி.

முதல் நாள் நூறு தடவை பாடியிருப்பாள். நான் தட்டினேன், வேறொன்றும் நடக்கவில்லை. ஆறாவது நாள் மெட்டை முனகினேன். இரண்டாவது கிழமை "தண்" என்று வந்தது. மூன்றாவது கிழமை அந்த வரி முழுவதும் வந்தது. அவள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். நான் கேட்டு, நான் குடித்த முதல் தண்ணீர்.

அதன் பிறகு அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி கட்டினாள். சோற்றுக்கு ஒன்று. கால் நோவுக்கு ஒன்று. மகளைக் கூப்பிட ஒன்று. மழை வந்தால் கொடியில் காயும் உடுப்பை எடுக்கச் சொல்லவும் ஒன்று.

மழ வருகுது, ஓடி வாங்க,
உடுப்பெல்லாம் நனயிது.

நான் எழுதிய வாழ்த்துக்கவிகளில் கடினமான சொற்கள் நிறைய இருக்கும். அவற்றில் ஒன்றுகூட என் வாய்க்குள் நிற்கவில்லை. அவளுடைய வரியோ சட்டை போல அளவாக இருந்தது. எங்கே மூச்சு விடுவேன், எந்த எழுத்தில் நாக்குத் தடுக்கும் என்று பார்த்துப் பார்த்து வெட்டித் தைத்தாள். கவி என்றால் என்ன என்று இருபத்திரண்டு வருடம் படிப்பித்த நான், அதைப் பாயில் உட்கார்ந்திருந்த என் தங்கச்சியிடம் படித்தேன்.

எல்லா நாளும் நல்ல நாள் இல்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் ஒரு வரியும் வரவில்லை. நேற்று வந்த தண்ணீர்கூட வரவில்லை. மடியிலிருந்த பலகையைத் தூக்கி எறிந்தேன். கூடவே வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது. இங்கே எழுத முடியாத வார்த்தை. அட்சர சுத்தமாக வந்தது. நஸீமா திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அல்லாஹ்வே, ராத்தாக்கு இது மட்டும் எவ்வளவு வடிவா வருகுது."

நானும் சிரித்தேன். வாய் ஒரு பக்கம் கோணச் சிரித்தேன். அவள் எழுந்து போய்ப் பலகையை எடுத்துவந்து மறுபடியும் என் மடியில் வைத்தாள். அன்றைக்கும் இரண்டு மணித்தியாலம் முடித்துவிட்டுத்தான் எழும்பினோம். வந்தாலும் வராவிட்டாலும் பயிற்சியை விடுவதில்லை என்று அன்று முடிவெடுத்தேன். துஆவும் அப்படித்தான். கேட்பது என் வேலை. தருவது அவன் வேலை.

இனி நான் சொல்லப்போவதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

பயிற்சி தொடங்கி நான்காவது மாதம், வயலில் நெல் வெட்டு நடக்கிற காலம். ஒரு வியாழக்கிழமை. கணவர் வயலில், மகள் கம்பஸில். அன்று காலையில் நஸீமாவுக்கு அவசரத் தையல் இருந்ததால் பயிற்சியைப் பின்னேரத்துக்கு வைத்தோம். அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால். சரியான வெயில். பாடிக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தினாள். நெற்றியெல்லாம் வேர்வை. "ராத்தா, கண் ஒரு மாதிரி…" என்றாள். எழும்பப் பார்த்தாள். அப்படியே பக்கவாட்டில் சரிந்து விழுந்தாள்.

அவளுக்குச் சீனி வியாதி. அது எனக்குத் தெரியும். ஆனால் என்ன நடந்தது என்று தெரியாது. கன்னத்தில் தட்டினேன், கண் திறக்கவில்லை. உடம்பு குளிர்ந்து ஈரமாக இருந்தது.

போனை எடுத்துக் கணவரின் எண்ணை அழுத்தினேன். அந்தப் பக்கம் வெட்டு மெசினின் இரைச்சல். "என்ன? ஆரு? கேக்கல்ல" என்றார். "அது, அது" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. கட்டாகிவிட்டது.

காலை இழுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு கேற் வரை போனேன். தெருவில் ஒருவரும் இல்லை. எதிரே காசிம் காக்காவின் கடை. அவர் உள்ளே சாமான் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துக் கையை அசைத்துவிட்டு மறுபடி வேலையில் குனிந்தார்.

அவரில் பிழையில்லை. நாலு மாதமாக அந்தத் தெரு என் சத்தத்தைக் கேட்டுப் பழகியிருந்தது. முனகல், கத்தல், பாட்டு, எல்லாம். டீச்சர் பயிற்சி எடுக்கிறா என்று எல்லாருக்கும் தெரியும். என் சத்தத்துக்கு இனி யாரும் ஓடிவர மாட்டார்கள். சொல் வேண்டும்.

யா அல்லாஹ் என்றேன், மனதுக்குள். அவ்வளவுதான் துஆ. வேறு நேரம் இருக்கவில்லை.

இடது கையால் கேற்றில் தட்டத் தொடங்கினேன். ஊஞ்சல் மெட்டு. அதுவரைக்கும் நான் ஒரு வரியும் சொந்தமாகப் பாடியதில்லை. அவள் கட்டித் தந்ததைத்தான் திருப்பிப் பாடினேன். இப்போது அவள் கட்டித் தர இல்லை. அவள்தான் தரையில் கிடந்தாள். தண்ணீர் வரியில் தங்கச்சி இருந்தாள். மழை வரியில் "ஓடி வாங்க" இருந்தது. அவ்விரண்டையும் பிய்த்து எடுத்தேன். நடுவில் ஒரு சொல் குறைந்தது. தட்டினேன். தட்டினேன்.

தங்கச்சி விழுந்திட்டா, ஓடி வாங்க,
தங்கச்சி விழுந்திட்டா.

காசிம் காக்கா முதலில் சிரித்த முகத்தோடுதான் பார்த்தார். இரண்டாம் முறை பாடும்போது அவர் கையிலிருந்த பக்கற்று விழுந்தது. கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டுத் தெருவைத் தாண்டி ஓடிவந்தார். அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். ஒரு ஓட்டோ வந்தது. நான் கேற்றைப் பிடித்துக்கொண்டு அதே வரியைப் பாடிக்கொண்டே நின்றேன். ஓட்டோ புறப்பட்டுப் போன பிறகும் என்னால் நிறுத்த முடியவில்லை. காசிம் காக்கா திரும்பி வந்து, "விளங்கிட்டு தங்கச்சி, விளங்கிட்டு. இனி இரிங்க" என்று சொல்லிக் கதிரை கொண்டுவந்து போட்டார்.

சீனி மிகவும் இறங்கிவிட்டதாம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் நாங்கள் வேறு விதமாகக் கதைத்துக்கொண்டிருப்போம் என்று டாக்டர் சொன்னாராம். அடுத்த நாள் காலை என்னையும் அழைத்துக்கொண்டு போனார்கள். நஸீமா கட்டிலில் சாய்ந்திருந்தாள். டாக்டர் அவளை ஏசிக்கொண்டிருந்தார். நோன்பு மாதமும் இல்லை, பகல் முழுக்கச் சாப்பிடாமல் சீனி வியாதிக் குளிசையை மட்டும் ஏன் போட்டீர்கள் என்று கேட்டார். அவள் போர்வையைத் திருகினாள். டாக்டர் போன பிறகு என் மகள்தான் விடாமல் கேட்டாள்.

"சாச்சி, என்ன நோன்பு புடிச்சீங்க?"

"திங்களும் வியாழனும் புடிக்கிற மகள்."

"எப்ப இரிந்து?"

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "ராத்தாக்கு வாய் போன அந்தக் கிழம இரிந்து. நோன்பு தொறக்கிற நேரம் கேட்ட துஆவ அல்லாஹ் தட்டமாட்டான் எண்டு. ராத்தாட பேச்சத் தந்திரு எண்டு கேப்பன். வேறென்ன நான் செய்ய ஏலும்?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் என் வீட்டுக்கு வந்து பாயைப் போட்டது இரண்டு மாதத்துக்குப் பிறகு. அதற்கு முன்பே, எங்களுக்குள் பேச்சில்லாத காலத்திலேயே, மதிலுக்கு அந்தப் பக்கம் எனக்காக நோன்பு திறந்திருக்கிறாள். நான் யாருடைய வாயை ஊருக்கு முன்னால் மூடினேனோ, அவள் தன் வாயைக் கட்டி என் வாய்க்காகக் கேட்டிருக்கிறாள். அந்தப் பேச்சுத்தான் அவளுக்காகவே கேற் வாசலில் வந்தது. இதை நான் தற்செயல் என்று சொல்லமாட்டேன். நீங்கள் சொல்வதென்றால் சொல்லுங்கள்.

அந்த வார்டில் இருபது பெண்கள் இருந்தார்கள். எனக்கு அவளிடம் பொறுத்துக்கொள்ளக் கேட்க வேண்டும். பேச வராது. பாடத்தான் வரும். இருபது பேரின் முன்னால் நான் ஒரு நாள் அவளை வெட்கப்படுத்தினேன். இருபது பேரின் முன்னாலேயே கட்டில் கம்பியில் தட்டித் தட்டிப் பாடினேன். "பொறுத்துக்க, பொறுத்துக்க தங்கச்சி." அடுத்த வரி வரவில்லை. திரும்பவும் அதையே பாடினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று பாடினேன்.

நஸீமா கண்ணீர் ஓட ஓட, "தாளம் போகுது ராத்தா. மெதுவாத் தட்டுங்க" என்றாள். தானும் சேர்ந்து தட்டினாள்.

இதெல்லாம் நடந்து ஒன்றரை வருடத்துக்கு மேல். இப்போது நான் மெட்டில்லாமலே பேசுகிறேன். மெதுவாகப் பேசுகிறேன். பெயர்கள் அடிக்கடி தொலைந்துபோகும். களைத்தால் "அது" திரும்பி வந்துவிடும். பாடசாலையில் வகுப்பெடுக்க முடியாது, நூலகத்தைப் பார்க்கிறேன். முழுச் சுகம் கேட்டேன், முக்கால் கிடைத்தது. அந்தக் குறையிலும் எனக்கு ஒரு நன்மை இருக்கிறது. ஒரு வார்த்தையை எடுக்க நான் படுகிற பாட்டில், கெட்டதை எடுக்க மனம் வருவதில்லை. அது எனக்குத் தண்டனையா, சோதனையா என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அது அல்லாஹ்வுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது, நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது மட்டும்.

நஸீமா நோன்பை விட்டுவிட்டாள். டாக்டரும் சொன்னார், பள்ளிவாசல் மௌலவியும் நோயாளிக்குச் சலுகை இருக்கிறது என்று விளக்கிச் சொன்னார். அவள் வரி கட்டுவதை விடவில்லை. சனிக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் வீடுகளுக்குப் போகிறோம். என்னைப் போல வாய் போனவர்கள் இந்தக் கரையோரத்தில் எத்தனை வீடுகளில் கதிரையில் இருக்கிறார்கள் என்று முன்பு எனக்குத் தெரியாது. பேச்சுப் பயிற்சி மிஸ் சொல்லித் தருவதை நாங்கள் வீட்டில் செய்துகாட்டுகிறோம், அவ்வளவுதான்.

போன மாதம் முழுவதும் நிந்தவூரில் ஒரு வீட்டுக்குப் போனோம். அந்த மனிதர் நெடுங்காலம் பஸ் கொண்டக்டராக இருந்தவர். எல்லாவற்றுக்கும் "இல்ல, இல்ல" என்று மட்டும் சொல்வார். ஓதுவதும் வரவில்லை, பாட்டும் வரவில்லை. மூன்று சனிக்கிழமை வெறுங்கையோடு திரும்பினோம். அவர் மனைவி ஆமினா, "உடுங்க டீச்சர், உங்களுக்கும் கரச்சல்" என்றார். "இன்னும் ஒருக்கா வாறம்" என்றேன். நாலாவது சனிக்கிழமை நஸீமா அவருக்கு முன்னால் போய் நின்று, பஸ் படியில் தொங்குகிறவர்கள் மாதிரி கதவு நிலையில் கையால் படபடவென்று தட்டி, "கல்முன, கல்முன…" என்று இழுத்தாள்.

அவர் தலை நிமிர்ந்தது. "காரதீவு" என்றார். "நிந்தவூர், ஒலுவில், பாலமுன, அட்டாளச்சேன, அக்கரப்பத்து, அக்கரப்பத்து, ஏறு ஏறு" என்று ஒரே மூச்சில் போனார். ஆமினா குசினியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார். அன்று பத்துத் தடவை அந்த ரோட்டில் போய் வந்தோம். நேற்று மறுபடி போனோம். அக்கரைப்பற்று வந்ததும் அவர் நிறுத்தினார். வாய் எதையோ தேடியது. நாங்கள் யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. காத்திருந்தோம். அவர் கதவு நிலையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ஆமினா" என்றார்.

சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், அவரைப் பார்த்துப் பேசுங்கள். அவர் சொல்லைத் தேடும்போது நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள், பொறுத்திருங்கள். அவருக்காகக் கேளுங்கள். உங்களோடு பேச்சில்லாதவருக்காகவும் கேளுங்கள், உங்களுக்காக மதிலுக்கு அந்தப் பக்கம் யார் கேட்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட வேண்டாம். விடிந்ததும் பாயைப் போட்டு உட்காருங்கள். வந்தாலும் வராவிட்டாலும் இரண்டு மணித்தியாலம்.

எங்களுக்கு அடுத்த சனிக்கிழமை அக்கரைப்பற்றில் ஒரு வீடு இருக்கிறது. பத்தொன்பது வயதுப் பிள்ளையாம். நஸீமா இப்போதே வரி கட்டத் தொடங்கிவிட்டாள்.